இனப்படுகொலையைத் தடுப்பது பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து சிங்கப்பூரில் வட்டார நூலகத்திலும் சமூக மன்றத்திலும் இந்தத் தலைப்பில் தமிழில் கலந்துரையாடல் நடத்தி வருகிறோம். தாத்தா பாட்டி காலத்திலிருந்து இங்கேயே இருப்பவர்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், தொடக்கக் கல்லூரி மாணவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நிறையப் பேர் கொல்லப்பட்டால் அது இனப்படுகொலைதானே?

எண்ணிக்கை மட்டும் அதை முடிவு செய்வதில்லை. 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை இனப்படுகொலை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஒரு தேசிய, இன, மரபின அல்லது சமயக் குழுவை, அது அந்தக் குழு என்பதற்காகவே, முழுதாகவோ ஒரு பகுதியையோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் ஐந்து வகைச் செயல்களை அது குற்றமாக்கியது. குழுவைச் சேர்ந்தவர்களைக் கொல்வது முதலாவது. உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான கேடு விளைவிப்பது இரண்டாவது. உணவு, தண்ணீர், மருந்து, இருப்பிடம் ஆகியவற்றைப் பறித்து, உயிர்வாழ முடியாத நிலைக்கு வேண்டுமென்றே தள்ளுவது மூன்றாவது. அந்தக் குழுவில் குழந்தை பிறக்காமல் தடுப்பதும், பிள்ளைகளை வலுக்கட்டாயமாக வேறு குழுவிடம் ஒப்படைப்பதும் மற்ற இரண்டு.

கடைசி மூன்றும் பலருக்குத் தெரியாது. துப்பாக்கியே வெடிக்காமல் இந்தக் குற்றம் நடக்க முடியும்.

இந்த உடன்படிக்கைக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூத வழக்கறிஞர். நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றபோது அவருடைய குடும்பத்தில் பெரும்பாலோரும் மடிந்தார்கள். உடன்படிக்கையின் முதல் பிரிவே தடுப்பதையும் தண்டிப்பதையும் நாடுகளின் கடமையாக வைக்கிறது. நடந்து முடிந்த பிறகு அழுவதற்காக எழுதப்பட்ட ஆவணம் இல்லை அது. எங்கள் கூட்டங்களில் இதைத்தான் முதலில் சொல்கிறோம்.

கம்போடியாவில் கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே இனம்தானே? அது எப்படி இனப்படுகொலை?

நல்ல கேள்வி. 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஏறக்குறைய 17 லட்சம் பேர் பசி, நோய், கட்டாய உழைப்பு, கொலை ஆகியவற்றால் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டின் பெரும்பான்மை இனமான கெமர் மக்களே. அரசியல் எதிரி என்றோ படித்தவர் என்றோ கொல்வது உடன்படிக்கையின் விளக்கத்துக்குள் வராது. அதனால் 2018 நவம்பரில் கம்போடியச் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சாம் முஸ்லிம்களுக்கும் வியட்நாமியர்களுக்கும் நடந்ததை இனப்படுகொலை என்றது. மற்றவர்களுக்கு நடந்ததை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று வகைப்படுத்தியது.

இரண்டாவது வகை சிறிய குற்றம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பெயர் பற்றிய வாதம் நீதிமன்றத்துக்குத் தேவை. தடுக்க நினைப்பவர் அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் நாம் நிம்மதியாகத்தானே இருக்கிறோம்? இதெல்லாம் நமக்கு எதற்கு?

இதை யாராவது கேட்காத கூட்டமே இல்லை. பீச் ரோட்டில் நான்கு வெள்ளைத் தூண்கள் உயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1967 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்ட பொதுமக்கள் போர் நினைவுச்சின்னம் அது. அதன் அடியில், ஜப்பானியர் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ளன.

1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். மூன்றே நாளில் சூக் சிங் என்ற களையெடுப்புப் படுகொலை தொடங்கியது. பதினெட்டு முதல் ஐம்பது வயது வரையுள்ள சீன ஆண்கள் குறிப்பிட்ட இடங்களுக்கு வரவேண்டும் என்று ஜப்பானிய ராணுவக் காவல்துறையான கெம்பெய்தாய் உத்தரவிட்டது. விசாரித்து விட்டுவிட்டவர்களின் கையிலோ சட்டையிலோ முத்திரை குத்தினார்கள். முத்திரை கிடைக்காதவர்களை லாரியில் ஏற்றிச் சாங்கி, பொங்கோல் கடற்கரைகளுக்குக் கொண்டுபோனார்கள். யார் எந்த வரிசை என்பதைச் சில இடங்களில் முகமூடி அணிந்த ஒற்றர் ஒருவரின் தலையசைப்பு முடிவு செய்தது. கொல்லப்பட்டவர்கள் சுமார் ஐயாயிரம் என்று ஜப்பானியத் தரப்பு பிறகு ஒப்புக்கொண்டது. சீனச் சமூகத்தின் கணக்கு 50,000 வரை போகிறது. இன்று நாம் விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டும் கடற்கரைகள்தான் அவை.

ஹில் ஸ்திரீட்டில் இருக்கும் ஆர்மீனிய தேவாலயம் 1835இல் கட்டப்பட்டது. நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமின் பெயர் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியுடையது. 1915இல் உதுமானியப் பேரரசில் இனப்படுகொலைக்கு ஆளானது அவருடைய இனம்தான். தொலைவில் நடந்தது என்று நாம் நினைக்கிற பலவும் இப்படி நம் தெருவில் வந்து நிற்கின்றன.

அப்புறம் 1964. ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் இன்னொரு முறை வெடித்தது. 13 பேர் இறந்தார்கள். அது இனப்படுகொலை இல்லை. ஆனால் நேற்றுவரை பக்கத்து வீட்டில் இருந்தவரைப் பார்த்து இன்று கதவைப் பூட்டும் நிலைக்கு இந்த ஊரும் வந்திருக்கிறது. ஒரே கம்பத்தில், அதாவது கிராமத்தில், வாழ்ந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

சட்டப்படியும் இது நம் விஷயம்தான். சிங்கப்பூர் 1995இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. நம் தண்டனைச் சட்டத்திலும் இனப்படுகொலை தனிக் குற்றமாக இருக்கிறது.

சூக் சிங் இனப்படுகொலையா?

ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சீனர் என்பதற்காகவே குறிவைத்தார்கள் என்பது ஒரு வாதம். ஜப்பானுக்கு எதிராக நிதி திரட்டியவர்களையும் போரிட்டவர்களையும் ஒழிக்கவே செய்தார்கள் என்பது இன்னொரு வாதம். 1947இல் இங்கே ஏழு ஜப்பானிய அதிகாரிகள்மீது நடந்த வழக்கு போர்க்குற்ற வழக்கு. உடன்படிக்கையே அதற்கு அடுத்த ஆண்டுதான் பிறந்தது.

அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை உண்டு, நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அப்படித் தனிக் கல்லறை அமையவில்லை. சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாராவது போனார்களா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

இப்படிப்பட்ட கொடுமை திடீரென்று வெடிப்பதுதானே? முன்கூட்டி எப்படித் தெரியும்?

திடீரென்று வெடித்ததாகத் தோன்றுவது தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான். ருவாண்டாவை எடுத்துக்கொள்வோம்.

1994 ஏப்ரல் 6 இரவு அந்நாட்டு அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே கொலை தொடங்கி ஏறக்குறைய நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுபான்மையினரான துட்சிகள். பெரும்பான்மையினரான ஹுட்டுகளில் கொல்ல மறுத்தவர்களும் அதில் அடக்கம். செய்தி பார்த்த உலகம் "பழங்குடிச் சண்டை" என்று சொல்லித் தொலைக்காட்சியை அணைத்தது.

அதற்கு முன்னால் என்ன நடந்தது? 1930களில் பெல்ஜியக் காலனி ஆட்சி ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கொடுத்து, அதில் ஹுட்டு, துட்சி என்று எழுதியது. அறுபது ஆண்டு கழித்து, சாலைத் தடுப்பில் யாரை வெட்டுவது என்று காட்டிக்கொடுத்தது அந்த அட்டைதான். 1959இலிருந்து பலமுறை துட்சிகள்மீது தாக்குதல் நடந்தது. செய்தவர்கள் யாரும் பெரிதாகத் தண்டிக்கப்படவில்லை. 1993இல் ஆர்டிஎல்எம் என்ற தனியார் வானொலி தொடங்கியது. நல்ல பாட்டு, கலகலப்பான அறிவிப்பாளர்கள். இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். பாட்டுக்கு நடுவே துட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்றது. அவர்கள் நம்மைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்றது. கொலை தொடங்கியதும் ஆட்களின் பெயரையும் ஒளிந்திருக்கும் இடத்தையும் சொன்னது.

1994 ஜனவரி 11 அன்றே ஐநா படைத் தளபதி ரோமியோ டல்லேர் நியூயார்க்குக்கு அவசரச் செய்தி அனுப்பினார். ஆயுதங்கள் பதுக்கப்பட்டுள்ளன, துட்சிகளைப் பட்டியல் எடுக்கிறார்கள், ஆயுதக் கிடங்கைச் சோதனையிடப் போகிறேன் என்றார். வேண்டாம் என்று பதில் வந்தது. கொலை நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்பு மன்றம் படையை 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது.

மூன்று மாத அவகாசம் இருந்தது. தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

ஐநா 2014இல் இதற்கென்று ஒரு நீண்ட வழிகாட்டியே வெளியிட்டது. நாடு நாடாக ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு அடிக்கடி கண்ணில் படுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

மனிதர்களைப் புழு, பூச்சி, பாம்பு, நோய் என்று பேசுவது முதலில் வருகிறது. பூச்சியை நசுக்க யாருக்கும் மனம் கூசாது, அதனால்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்தது பயமூட்டுவது. "அவர்கள் பெருகுகிறார்கள், நம்மை விழுங்கப் போகிறார்கள், நாம் முந்திக்கொள்ள வேண்டும்" என்ற பேச்சு. நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். வெறுப்பு மட்டும் இருந்தால் சாதாரண மனிதன் கத்தி எடுக்க மாட்டான். தற்காப்பு என்று நம்பவைத்தால் எடுப்பான்.

பட்டியல் எடுப்பது, வீட்டுக்கு அடையாளம் வைப்பது, ஒரு குழுவின் குடியுரிமையையோ வாக்குரிமையையோ பறிப்பது ஆகியவை அதிகாரத்தின் கையால் வருபவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தண்டனையின்மை. முதல் கலவரத்தில் கொன்றவன் வெளியே நடமாடினால் இரண்டாவது கலவரத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

இவற்றில் ஒன்றைக் கண்டதும் இனப்படுகொலை வரப்போகிறது என்று அலற வேண்டாம். பல நாடுகளில் இவை தோன்றி அடங்கியிருக்கின்றன. அடங்கிய இடங்களில் யாரோ வேலை செய்திருக்கிறார்கள்.

ஈழத்தில் நடந்தது இனப்படுகொலையா இல்லையா? நேரடியாகச் சொல்லுங்கள்.

நேரடியாகவே சொல்கிறேன். இதுவரை எந்த அனைத்துலக நீதிமன்றமும் இதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஐநா மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கை, போர்க்குற்றங்களும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்திருக்க வலுவான ஆதாரம் உண்டு என்ற அளவில் நின்றது. இலங்கையின் வட மாகாண சபை 2015 பிப்ரவரியில் அதை இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது. கனடிய நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவுநாளாக ஏற்றது. இலங்கை அரசு மறுக்கிறது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று கேட்பதற்கு இதில் இருக்கும் ஆதாரமே போதும் என்பேன். அந்த விசாரணையை மறுப்பதுதான் இன்று நடக்கும் அநியாயம்.

தடுப்பு என்ற கண்ணோடு பார்த்தால் ஈழம் ஒரு பாடநூல். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1958இலும் 1977இலும் கலவரம். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. ஒவ்வொரு முறையும் செய்தவர்கள் தப்பினார்கள். ருவாண்டாவில் அட்டை, இங்கே பட்டியல்.

2008 செப்டம்பரில் ஐநா ஊழியர்கள் கிளிநொச்சியிலிருந்து வெளியேறினார்கள். போகாதீர்கள் என்று வாசலில் நின்று கெஞ்சிய மக்களை விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த சில மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐநா தலைமைச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு கூறியது. ஐநா தன் கடமையில் தவறியது என்று அதன் சொந்த உள் ஆய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. இங்கே இருக்கும் பல குடும்பங்கள் அந்த மாதங்களில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தவை. அவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு விவாதத் தலைப்பு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு, கடை, பள்ளிவாசல் எல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களும் தமிழ் பேசியவர்கள்தான். நமக்கு நடந்ததை உலகம் கேட்க வேண்டும் என்றால், நம் பெயரால் நடந்ததை நாம் சொல்லத் தயங்கக் கூடாது.

காஸா, ரோஹிங்கியா வழக்குகள் நடந்துகொண்டிருக்கும்போது நாம் கருத்துச் சொல்லலாமா? தீர்ப்பு வரட்டுமே?

தீர்ப்புக்காகக் காத்திருப்பது தண்டனைக்குப் பொருந்தும், தடுப்புக்குப் பொருந்தாது. இதை அனைத்துலக நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படையால் கொல்லப்பட்டார்கள். ஐநா "பாதுகாப்பான பகுதி" என்று அறிவித்த இடம் அது. 2007 தீர்ப்பில் நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைத் தெளிவாக்கியது: கடுமையான ஆபத்து இருப்பது தெரிந்த கணமே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய கணமே, தடுக்கும் கடமை தொடங்கிவிடுகிறது. செர்பியா அந்தக் கடமையில் தவறியது என்றும் தீர்ப்பளித்தது.

மியன்மாரில் 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் பங்ளாதேஷுக்கு ஓடினார்கள். 2019 நவம்பரில் காம்பியா வழக்குத் தொடுத்தது. 2020 ஜனவரியில், அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. காஸா தொடர்பாகத் தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பரில் தொடுத்த வழக்கிலும் 2024 ஜனவரி 26 அன்று இஸ்ரேலுக்கு இடைக்கால உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன. இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்பு ஆகாது. ஆனால் ஆபத்து உண்மையானது என்று நீதிபதிகள் கருதாமல் அது வராது.

அதனால் பேசுங்கள். ஒரு தரப்பின் குழந்தைக்காக அழுதுவிட்டு மறுதரப்பின் குழந்தையைக் கணக்கில் சேர்க்காமல் விடும் பேச்சாக அது ஆகிவிடக் கூடாது. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் கொல்லப்பட்டவர்களும் மனிதர்கள். இங்கே வாட்டர்லூ ஸ்திரீட்டில் யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது, அதே தெருவில் கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. அங்கே தொழ வருபவர்கள் யாரும் எந்தப் படையின் செயலுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் இல்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் ஓர் இனத்தைப் பற்றிக் கேவலமான வீடியோ போடுகிறார். என்ன செய்வது?

எங்களிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. தயவுசெய்து சின்ன விஷயம் என்று விடாதீர்கள். மியன்மாரில் வெறுப்பைப் பரப்பியதில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு உண்டு என்று ஐநா விசாரணைக் குழு 2018இல் சொன்னது. தாங்கள் போதுமான அளவு செய்யவில்லை என்று அந்த நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அந்தப் பதிவுகளைக் கைமாற்றியவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தினர் இல்லை. மாமா, சித்தி, பழைய வகுப்புத் தோழன் மாதிரி ஆட்கள்தான்.

முதலில், நீங்கள் அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், கண்டிப்பதற்காகக்கூட. இரண்டாவது, குழுவில் வைத்து அவரைத் தாக்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைத்தால் அவர் இன்னும் நாலு வீடியோ போடுவார். தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இது எங்கிருந்து வந்துச்சு? பார்த்ததும் மனசு கஷ்டமா இருந்துச்சு" என்று கேளுங்கள். பல நேரம் வீடியோ வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுத்ததாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து அவருக்கே காட்டுங்கள். அவராகவே எடுத்துவிட வாய்ப்பு உண்டு.

அவர் ஏன் அதை நம்பினார் என்றும் கேளுங்கள். வேலை போன கோபம், மகன் எதிர்கொண்ட அவமானம், ஏதாவது ஒன்று இருக்கும். அதைக் கேட்காமல் வெறும் புள்ளிவிவரம் சொன்னால் ஏறாது.

யாரையாவது தாக்கச் சொல்லும் செய்தி, முகவரி, வண்டி எண் போன்றவை வந்தால் கதையே வேறு. திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு காவல்துறையிடம் புகார் கொடுங்கள். 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. இனங்களுக்கிடையே பகையைத் தூண்டுவது இங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

நாம் சிறுபான்மை. பேச்சு வாங்குவது நாம்தானே? நமக்கு ஏன் அறிவுரை?

பேச்சு வாங்குகிறோம் என்பது உண்மை. வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கும் பேருந்தில் மூக்கைப் பொத்தும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கும் அது தெரியும். அந்த வலியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் பங்ளாதேஷ் ஊழியர்களைப் பற்றி நம் வீடுகளில் எப்படிப் பேசுகிறோம்? சீனாவிலிருந்து வந்தவர்களைப் பற்றி? வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் நாட்டைப் பற்றி? சாதியைச் சொல்லித் திட்டுவது கடல் தாண்டியும் சிலர் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதனால் நாளைக்கே யாரும் சாகப்போவதில்லை. ஆனால் ஒருவரை ஆளாகப் பார்க்காமல் கூட்டமாகப் பார்க்கும் பழக்கம், அதிகாரம் கைக்கு வந்த அன்று என்ன செய்யும் என்று பல நாடுகளில் பார்த்துவிட்டோம். பிள்ளைகள் முன்னால் அப்படிப் பேசுவதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

இதுவரை எங்காவது தடுத்திருக்கிறார்களா?

தடுத்திருக்கிறார்கள். நடக்காமல் போனது செய்தியில் வருவதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

1943 இலையுதிர்காலத்தில் டென்மார்க் யூதர்களைப் பிடிக்க நாஜிகள் நாள் குறித்தார்கள். டுக்விட்ஸ் என்ற ஜெர்மானிய அதிகாரி ஒருவரே அதைக் கசியவிட்டார். யூதத் தொழுகைக்கூடத்தில் எச்சரிக்கை வாசிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் அண்டைவீட்டார், மருத்துவமனை ஊழியர்கள், மீனவர்கள் எல்லாரும் சேர்ந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகில் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். பிடிபட்டவர்கள் ஐந்நூறுக்கும் குறைவு. டேனியர்கள் யூதர்களை முன்பிருந்தே தங்கள் நாட்டு மக்களாகவே பார்த்ததுதான் அன்று கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இன்னொரு ருவாண்டா ஆகிவிடுமோ என்று உலகம் பயந்தது. முன்னாள் ஐநா தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான் உடனே போய் உட்கார்ந்தார். பிப்ரவரி 28இல் இரு தரப்பும் கையெழுத்திட்டன. வெறுப்புச் செய்திகள் பறந்த அதே கைப்பேசிகளுக்கு ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் அமைதிச் செய்திகளை அனுப்பியது.

நம் ஊரில் 1964 கலவரத்துக்குப் பிறகு தொகுதி தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைந்தன. எல்லா இனத்துப் பெரியவர்களும் சேர்ந்து வீடு வீடாகப் போய் வதந்திகளை மறுத்தார்கள். சமயங்களுக்கிடையிலான அமைப்பு (IRO) அதற்கும் முன்னால், 1949இலேயே இங்கே தொடங்கியிருந்தது. அது இன்றும் இயங்குகிறது.

சிங்கப்பூரில் ஊர்வலம் போகலாமா? நிதி திரட்டலாமா?

அனுமதியின்றி முடியாது. ஒரு கொள்கைக்காகப் பொது இடத்தில் கூடுவதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும், தனியாளாக நின்றாலும்கூட. ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கத்துக்கும் விதிமுறைகள் உண்டு. வெளிநாட்டவர் அங்கே கூட்டங்களில் கலந்துகொள்ள முடியாது. வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார்கள் இதை மறந்துவிட வேண்டாம், வேலையே போய்விடும். பிற நாட்டுக் கொடிகளைப் பொது இடத்தில் காட்டவும் அனுமதி தேவை. வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற நிறுவனம் வழியாகக் கொடுப்பது எளிது.

கட்டுப்பாடுகள் பலருக்கு வருத்தம் தருகின்றன என்று தெரியும். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. படிப்பது, பேசுவது, நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பில் பார்த்துக் கேட்பது, நாளிதழுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் திறந்தே இருக்கின்றன.

பிள்ளைகளிடம் எந்த வயதில் சொல்லலாம்?

தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஜூலை 21 அன்று வேட்டியோ பாவாடையோ உடுத்திக்கொண்டு இன நல்லிணக்க நாளுக்குப் போகும்போது, ஏன் அந்தத் தேதி என்று சொல்லிக்கொடுங்கள். அது போதும். உயர்நிலைப்பள்ளியில் ஜப்பானியர் ஆட்சியைப் பாடமாகப் படிப்பார்கள். அப்போது பழைய ஃபோர்டு தொழிற்சாலைக் காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போகலாம். பிணங்களின் படங்களைக் காட்டாதீர்கள். பயம் மட்டும்தான் மிஞ்சும். காப்பாற்றியவர்களின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எங்கள் பகுதியில் நாங்களும் ஒரு கூட்டம் நடத்த நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?

பத்துப் பேர் போதும். முதல் கூட்டத்துக்கு நமக்கு நேரடித் தொடர்பில்லாத ஒரு நாட்டை எடுங்கள், ருவாண்டா பொருத்தமாக இருக்கும். சொந்தக் காயத்திலிருந்து தொடங்கினால் முதல் கால்மணி நேரத்திலேயே வாக்குவாதம் வந்துவிடுகிறது, எங்கள் அனுபவம் அப்படி. 1993இல் வானொலி அறிவிப்பாளர், பள்ளி ஆசிரியர், கிராம அதிகாரி, பாதிரியார், வெளிநாட்டுத் தூதர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் கொடுங்கள். அந்த நிலையில் இருந்திருந்தால் எந்த வாரத்தில் என்ன செய்திருக்க முடியும் என்று கேளுங்கள். பேச்சு தானாகவே வாட்ஸ்அப்புக்கும் ஈழத்துக்கும் வந்து சேரும். அப்போது அதைத் தடுக்க வேண்டாம். குடும்பத்தை இழந்தவர்கள் இருந்தால், பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

தலைப்பு இனம், சமயம் தொடர்புடையது என்பதாலும், பேச்சாளர் வெளிநாட்டவராக இருக்கக்கூடும் என்பதாலும், உள்ளரங்கக் கூட்டத்துக்கும் அனுமதி தேவைப்படலாம். முன்கூட்டியே காவல்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் 9ஐ இனப்படுகொலைக்குப் பலியானவர்களின் அனைத்துலக நினைவுநாளாக ஐநா கடைப்பிடிக்கிறது. இங்கே அது ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் வருவதால் மாணவர்கள் வரமுடியும், ஆனால் அறைகளும் சீக்கிரம் நிரம்பிவிடும். செப்டம்பரிலேயே பதிவு செய்துவிடுங்கள்.